நிலவியலும் ஏழு கண்ணிச் சங்கிலியும்

முதுநிலை கடைசிப் பருவ வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் என்னிடம், "பைராக்ஸ்ஃபெரோயிட் பற்றிச் சொல்லும்மா" என்றார். அது நிலவுப் பாறையில் கிடைத்த ஒரு கனிமம். மனப்பாடம் செய்ததை மளமளவென்று ஒப்பித்தேன். இரும்பும் கொஞ்சம் கால்சியமும் சேர்ந்த சிலிக்கேட், ட்ரைக்ளினிக் (மூன்று அச்சுகளும் சாய்ந்த) படிகம், வெளிர் மஞ்சள், அடர்த்தி கன செ.மீ.க்கு 3.7 கிராம் அளவில், 1969இல் அப்பல்லோ 11 நிலவின் அமைதிக் கடல் என்ற சமவெளியிலிருந்து கொண்டுவந்த பாறைகளில் முதன்முதலில் கிடைத்தது. எல்லாம் சரி. "நியாயப்படி அது அங்கே உருவாகியிருக்கவே கூடாதே, எப்படி இருக்கு?" என்றார் அடுத்து. எனக்குப் பேச்சே வரவில்லை.

அடுத்த ஆண்டு நெட் என்ற கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வுக்குக் கோத்தகிரியில் வீட்டிலிருந்தே படித்தேன். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நான் நிலவியல் படிக்கிறேன் என்றால் நிலாவைப் பற்றிய படிப்பு என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தார். அந்த ஒரு வருடம் அவர் நினைத்தது பாதி உண்மையாகிவிட்டது.

கனிமவியலில் பலரும் தடுக்கி விழும் இடம் சங்கிலி சிலிக்கேட். ஒரு சிலிக்கான், அதைச் சுற்றி நான்கு ஆக்சிஜன். இந்த நான்முகிகள் முனையோடு முனை சேர்ந்து சங்கிலியாகப் போகும். எத்தனை கண்ணிக்கு ஒருமுறை அதே வடிவம் திரும்ப வருகிறது என்பதுதான் கேள்வி. சங்கிலி சிலிக்கேட் கனிமங்களில், பைராக்சினில் 2, வொலாஸ்டனைட்டில் 3, ரோடோனைட்டில் 5, பைராக்ஸ்ஃபெரோயிட்டில் 7. படித்த மறுநாளே 5 எது, 7 எது என்று எனக்குக் குழம்பிவிடும். ஒரு மழை நாளில் தினசரி காலண்டர் தாள்களைக் கிழித்து, சோற்றுப் பசை வைத்து, பதினான்கு நான்முகிகள் மடித்தேன். ஊசி நூலில் முனை முனையாகக் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டினேன். "என்ன பாப்பா, தோரணமா?" என்று கேட்டார் அம்மா. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம் என்று இரண்டிரண்டாகத் திருப்பிக்கொண்டு போனால் பைராக்சின். இரண்டு, இரண்டு, அப்புறம் ஒரு மூன்று என்று நடுவில் கோணல் விழுந்தால் 7. ஒரே ஒரு இரண்டும் மூன்றும் என்றால் 5, அது ரோடோனைட். வெறும் மூன்று மட்டும் என்றால் வொலாஸ்டனைட். கையால் கோத்த பிறகு எனக்கு அது மறக்கவே இல்லை. இரும்பும் கால்சியமும் மக்னீசியத்தைவிடப் பெரிய அயனிகள். அவற்றுக்கு இடம் கொடுக்கத்தான் சங்கிலி இப்படிக் கோணுகிறது. அதனால்தான் இதைப் பைராக்சின் என்று எழுதினால் தப்பு, பைராக்சினாய்டு, அதாவது பைராக்சின் போன்றது, என்று எழுத வேண்டும். கால்சியத்தின் அளவைக்கூட இந்த ஏழோடு சேர்த்தே நினைவில் வைக்கலாம்: உலோக அயனிகளில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்குதான் கால்சியம், மற்றதெல்லாம் பெரும்பாலும் இரும்பு.

இனி, என்னை மடக்கிய அந்தக் கேள்வி. நிலவின் எரிமலைக் குழம்பு ஆறும்போது மக்னீசியத்தை முதலில் வரும் படிகங்கள் எடுத்துக்கொள்ளும். மிச்சக் குழம்பில் இரும்பு ஏறிக்கொண்டே போகும். கடைசிச் சொட்டுகளில் இரும்பு மிக அதிகம். அந்தக் கலவையில், குறைந்த அழுத்தத்தில், முறைப்படி வர வேண்டியது ஒரே கனிமம் அல்ல, மூன்று: ஹெடன்பெர்கைட் வகைப் பைராக்சின், ஃபயலைட் என்ற இரும்பு ஆலிவின், ஒரு சிலிக்கா கனிமம். பைராக்ஸ்ஃபெரோயிட் நிலையாக இருக்க வேண்டுமென்றால் 10 கிலோபார் அளவிலான அழுத்தம் வேண்டும். பூமியில் அது 35 கி.மீ. ஆழத்துக்குச் சமம். நிலவின் பரப்பில் அதற்கு வழியே இல்லை. ஆனால் குழம்பு வேகமாக ஆறியது. மூன்றாகப் பிரிய அவகாசம் கிடைக்கவில்லை. மெட்டாஸ்டேபிளாக, அதாவது நிலையற்றதாக இருந்தும் மாறாமல், உறைந்தது, பல நூறு கோடி ஆண்டுகளாக அப்படியே நிற்கிறது. பைராக்சின் படிகங்களின் விளிம்பில் அது ஒட்டிக்கொண்டிருப்பதும் இதனால்தான், கடைசியாக வந்தது அல்லவா! சில மாதிரிகளில் அது மூன்றாகச் சிதைந்தும் கிடக்கிறது. நிறம், அடர்த்தி எல்லாம் அட்டவணையில் எப்போது வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு, பைராக்சின்களின் கால்சியம், மக்னீசியம், இரும்பு அளவைக் காட்டும் நாற்கோண வரைபடத்தைப் பார்க்காமல் ஒருமுறை வரைந்து, இரும்பு மூலையில் குறைந்த அழுத்தத்தில் பைராக்சின் நிலைக்காத 'தடைசெய்யப்பட்ட பகுதி' எங்கே என்று குறித்துப் பாருங்கள். ஒரு மணி நேர வேலை, அரைப் பாடம் முடிந்துவிடும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். நிலவின் வெளிர்ந்த மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்ற பாறை. நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் அந்த வகைப் பாறை உண்டு. சந்திரயான் சோதனைக்குச் செயற்கை நிலவு மண் அதிலிருந்துதான் செய்தார்கள். பைராக்ஸ்ஃபெரோயிட் கிடைத்தது அதில் அல்ல, நிலவில் 'கடல்' என்று சொல்லும் கருத்த சமவெளியின் பசால்ட் எரிமலைப் பாறையில். பாறையை மாற்றி எழுதினால் அடுத்து எழுதும் காரணம் முழுக்கத் தடம் மாறும். அதே அப்பல்லோ 11 பாறைகளில் கிடைத்த இன்னொரு கனிமம் ஆர்மால்கோலைட். அதன் பெயர் அந்தப் பயணத்தில் போன ஆம்ஸ்ட்ராங், ஆல்ட்ரின், காலின்ஸ் மூவர் பெயரின் முதல் எழுத்துகள் சேர்ந்தது. இன்னொன்று டிராங்குவிலிட்டியைட். பைராக்ஸ்ஃபெரோயிட்டோடு சேர்த்து இந்த மூன்று கனிமங்களுமே பிற்பாடு பூமியிலும் கிடைத்துவிட்டன. எனவே 'நிலவில் மட்டும்' என்று விடைத்தாளில் எழுதாதீர்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. நீலகிரியில் பெரும்பாலும் சார்னோகைட் என்ற பாறைதான். சுமார் 250 கோடி ஆண்டுகளுக்கு முன், 20 கி.மீ.க்கும் அதிக ஆழத்தில், கொதிக்கும் சூட்டில் நிதானமாக உருவான பாறை. அதிலுள்ள ஹைப்பர்ஸ்தீன் என்ற பைராக்சினும் இரும்புள்ள சங்கிலி சிலிக்கேட்தான், ஆனால் 2 கண்ணிச் சங்கிலி. ஹைப்பர்ஸ்தீன் என்ற பெயரை இப்போது அதிகாரப்பூர்வமாகப் பயன்படுத்துவதில்லை, என்ஸ்டடைட் – ஃபெர்ரோசிலைட் வரிசை என்றே எழுதுங்கள். குன்னூர் மலைப்பாதையில் புதிதாக வெட்டிய இடத்தில், எண்ணெய் பூசினாற்போல் நீலச் சாம்பல் பளபளப்போடு பாறை தெரியும். பத்து மடங்கு லென்ஸை ஒட்டிப் பிடித்தால் பழுப்பு நிறத் துணுக்குகளில் ஏறக்குறைய செங்கோணத்தில் வெட்டிக்கொள்ளும் பிளவுகள் மின்னும். வெயில் காலத்தில், காலை வேளையில், கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த வெட்டுகள் சரியும். அப்போது பக்கத்தில் போகவே வேண்டாம். வீட்டில் காலண்டர் தாள் மடித்தால் போதும்.