இப்போதெல்லாம் ஒரு கோவில் போதும்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான எங்கள் நகரத்தாருக்குக் கோவில் ஒன்பது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி. ஒவ்வொரு குடும்பமும் இதில் ஒரு கோவிலைச் சேர்ந்தது. பெண்ணாகப் பிறந்தவளுக்கு இதில் இரண்டு கோவில் சொந்தம். நான் பிறந்தது இரணிக்கோவில் என்று நாங்கள் சொல்கிற இரணியூர், வாழ்க்கைப்பட்டது வைரவன்கோவில். ஒரே கோவிலுக்குள் பெண் கொடுக்கவும் மாட்டோம், எடுக்கவும் மாட்டோம். இரணிக்கோவிலும் பிள்ளையார்பட்டியும் வேறு வேறு கோவில்தான் என்றாலும் அண்ணன் தம்பி முறை, அங்கேயும் சம்பந்தம் கிடையாது. என் கல்யாணத்தன்று இரண்டு கோவிலிலிருந்தும் மாலை வந்தது. அந்த மாலை வந்தால்தான் கல்யாணம் கோவிலில் பதிவானதாக அர்த்தம்.

நல்ல தெம்பு இருந்த காலத்தில் வேன் பிடித்து ஒன்பது கோவிலையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருவோம். விடியுமுன் காரைக்குடியில் புறப்பட்டால், மத்தியானம் நடை சாத்துவதற்குள் எத்தனை கோவில் முடியும் என்பதுதான் வழியெல்லாம் பேச்சு. புளியோதரைப் பொட்டலம் வேனிலேயே பிரியும். ஒவ்வொரு சன்னிதியிலும் ஒரு பட்டியல் வைத்திருப்பேன். பெரியவனுக்கு வேலை, சின்னவளுக்கு வரன், என் வீட்டுக்காரர், அவுகளுக்கு சர்க்கரை குறைய வேண்டும், வாடகைக்கு விட்ட கடையில் தகராறு தீர வேண்டும். சாமி முகத்தைப் பார்த்த நேரத்தை விட பட்டியலில் ஏதும் விட்டுப்போய்விடக் கூடாதே என்று நினைத்த நேரம் அதிகம். அது தப்பு என்று இன்றும் நான் நினைக்கவில்லை. பிள்ளைகளைக் கரை சேர்க்க வேண்டிய வயதில் கேட்காமல் வேறு எப்போது கேட்பது? கேட்டதில் பலதும் கிடைத்தது. கிடைக்காததும் உண்டு.

இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அவுகளும் இல்லை. எங்கள் வழக்கத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து கோவிலுக்கு ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. கோவில் வரியும் அந்தக் கணக்குப்படிதான். அரைப்புள்ளி என்று என் பேர் எழுதப்பட்டபோது வீட்டில் பிள்ளைகளுக்கு வருத்தம், “இதெல்லாம் எதற்கு இன்னும்?” என்று கேட்டார்கள். எனக்கோ அதில் ஒரு ஆறுதல் இருந்தது. ஆள் போனாலும் கோவில் கணக்கிலிருந்து என் பேர் போகவில்லை. இருக்கிற வரைக்கும் நானும் கொடுக்க வேண்டியவள்தான்.

ஐப்பசியில் ஒரு சாதாரண நாளில், விசேஷம் எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, தெரிந்த ஆட்டோக்காரத் தம்பியோடு கிளம்பினேன். விசேஷ நாளில் கூட்டத்துக்கு ஈடுகொடுத்து நிற்க முடியாது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், ஒன்றுமில்லாத நாளில் கோவில் எப்படி இருக்கும் என்று பார்க்க எனக்கு இப்போது ஆசையாக இருக்கிறது. குன்றக்குடி வழியாகத்தான் போனோம். மலையடிவாரத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கீழே நின்றபடியே சண்முகநாதரைக் கும்பிட்டுக்கொண்டேன். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற நகரத்தார் காவடிகள் இங்கிருந்துதான் கிளம்பும். 400 வருஷத்துக்கு மேலாக நடக்கிற நடை அது. என் வீட்டிலும் நடந்தவர்கள் உண்டு. படியேறித்தான் தரிசனம் என்று முருகன் என்னிடம் கேட்கப் போவதில்லை.

பிள்ளையார்பட்டியில் அன்று கூட்டம் குறைவு. கற்பக விநாயகரைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வருகிறேன். இரண்டே கை, வலம் சுழித்த தும்பிக்கை, வடக்குப் பார்த்த முகம். இந்தத் தடவை ஒன்று சட்டென்று மனதில் பட்டது. இவரை யாரும் எங்கிருந்தோ கொண்டுவந்து இங்கே வைக்கவில்லை. மலையைக் குடைந்துகொண்டே போய், வேண்டாத கல்லை எடுத்துவிட்டு, இவரை மலையிலேயே விட்டிருக்கிறார்கள். முதுகு இன்னும் மலையோடு ஒட்டித்தான் இருக்கிறது. அந்தக் குகையில் ஒரு பழங்கால எழுத்தில் எக்காட்டூர்க்கோன் பெருந்தசன் என்று ஒரு பெயர் வெட்டியிருப்பதாகப் படித்தவர்கள் சொல்கிறார்கள். செதுக்கிய தச்சனின் பெயர் என்பார்கள். அந்த மனுஷன் உளியை வைத்த முதல் நாள் அங்கே வெறும் பாறைதான் இருந்திருக்கும். உள்ளே இவர் இருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது! வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் கைகூப்பிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் அந்த நினைப்பு என் கூடவே வந்தது.

எங்கள் வைரவன்கோவில் இருக்கிற வைரவன்பட்டி அங்கிருந்து பக்கம்தான். வளரொளிநாதர், வடிவுடையம்மை, தெற்குப் பார்த்து நிற்கிற மார்த்தாண்ட வைரவர். என் மாமியார் வைரவரைத்தான் “வீட்டுப் பெரியவுக” என்பார். எந்தச் சாமிக்கு வேண்டினாலும் கடைசியில் வைரவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்காமல் இருக்க மாட்டார்.

தரிசனம் முடிந்து பிராகாரத்துத் தூண் ஒன்றில் சாய்ந்து உட்கார்ந்தேன். எழுந்திருப்பது கஷ்டம் என்பதால் ஒருமுறை உட்கார்ந்தால் நன்றாகவே உட்கார்ந்துவிடுவேன். கொஞ்ச தூரத்தில் கோவிலில் வேலை செய்கிற ஒரு அம்மா விளக்குத் திரியைச் சரி செய்துகொண்டிருந்தார். ஈர்க்குச்சியால் திரியை மெல்ல முன்னால் தள்ளி, கருகின நுனியை மட்டும் கிள்ளி எடுத்து, எண்ணெய் விட்டு, விரலில் ஒட்டின எண்ணெயைத் தன் தலையில் தடவிக்கொண்டார். அடுத்த விளக்கு. மறுபடி அதே தள்ளல், அதே கிள்ளல், அதே தடவல். ஒரு விளக்கும் அணையவில்லை. நெருப்பு ஒட்டியிருக்கும்போதே கருக்கை மட்டும் எடுக்கிற அந்தப் பக்குவம் எத்தனை வருஷத்துப் பழக்கமோ. வேனில் வந்த காலத்தில் இந்த விளக்குகள் எரிவதைப் பார்த்திருக்கிறேன். யாரோ எரிய வைத்துக்கொண்டே இருக்கிறார்கள் என்பது அன்றுதான் கண்ணில் பட்டது.

இந்தக் கோவிலில் ராமர் அனுமனை வணங்குகிற சிற்பம் ஒன்று உண்டு. சீதையைக் கண்ட சேதியைக் கொண்டுவந்தவனுக்கு நன்றி சொல்கிறார் என்பார்கள். ராமரை அனுமன் கும்பிட்டு எல்லோரும் பார்த்திருப்போம். இது மறுபக்கம். பேத்திகள் வரும்போது முதலில் இங்கேதான் அழைத்துப் போவேன். சாமியே கைகூப்பி நன்றி சொன்னால், நமக்குச் சமைத்துப் போட்டவர்களுக்கும் வழிகாட்டிவிட்டவர்களுக்கும் சொல்ல என்ன கூச்சம்? அவுக இருந்த வரைக்கும் அவர்களுக்கு நான் அப்படி நேரில் சொன்னதில்லை. அந்தக் காலத்தில் சொல்வதும் இல்லை. இப்போது வளரொளிநாதர் முன்னால் நின்று சொல்கிறேன், அவர் சேர்த்துவிடுவார்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. செட்டிநாட்டுக்காரர்களுக்கு மழை என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. பெரிய ஆறு எதுவும் எங்களுக்கு இல்லை. வானம் கொடுப்பதை வாங்கி வைத்துக்கொண்டு வாழ்ந்த ஊர்கள் இவை. வீதியில் விழுகிற மழை ஊருணிக்கு ஓடுகிற மாதிரி வாட்டம் பார்த்து ஊரை அமைத்திருக்கிறார்கள். வீட்டுக்குள்ளும் அப்படித்தான். வளவு என்கிற உள்முற்றத்தின் நடுவே வானம் தெரியும். நாலு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் அங்கே இறங்கும். மழை வந்தால் அப்பத்தா படிக்கிற பிள்ளையைக் கூட எழுப்பிவிட்டு “அண்டாவை நகர்த்துடி” என்பாள். முதல் மழைத் தண்ணீரை விட்டுவிட்டு, கூரை கழுவின பிறகு வருவதைப் பிடிப்போம். துணியில் வடிகட்டினால் அந்தத் தண்ணீரில் பருப்பு பஞ்சாக வேகும்.

கோவிலில் அன்று மேல்தளத்துத் தண்ணீர் கல் தூம்பு வழியாகக் கொட்ட ஆரம்பித்ததும், விளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த அம்மா பாத்திரத்தை ஓரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஆச்சி, சாரல் அடிக்குது. இப்படி உள்ளே தள்ளி உக்காருங்க.”

“நனைஞ்சா நனையட்டும். நீ இங்க எத்தனை வருசமா இருக்க?”

“கல்யாணமாகி வந்ததிலருந்து இதே வேலைதான் ஆச்சி. எங்க மாமியா பாத்தாக, இப்ப நான் பாக்கேன். முட்டி வலிதான் தாங்கல.”

இரண்டு பேரும் முழங்காலைப் பற்றி நெடுநேரம் பேசினோம். வாதமடக்கி இலை, நொச்சி ஒத்தடம், ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரை. மழை விடுகிற வரைக்கும் வேறு பேச்சில்லை. தண்ணீர் கொட்டுகிற சத்தம், ஈரக் கல்லின் வாசனை, கர்ப்பகிருகத்திலிருந்து வந்த சாம்பிராணி, எங்கள் முட்டி வலிப் பேச்சு. தியானம் பழகச் சொல்லி மகள் கைபேசியில் ஏதோ போட்டுத் தந்திருக்கிறாள், கண்ணை மூடினால் எனக்குத் தூக்கம்தான் வருகிறது. அந்த மழையில் மட்டும் மனசு அசையாமல் இருந்தது. தூணுக்கு அந்தப்பக்கம் வைரவர் இருக்கிறார் என்பது முதுகில் தெரிந்துகொண்டே இருந்தது.

மழை விட்டதும் அர்ச்சனைத் தட்டோடு போனேன். குருக்கள் வழக்கம்போல் “யார் பேருக்கு ஆச்சி?” என்றார். முன்பெல்லாம் பேர், நட்சத்திரம் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பேன். அன்று பிள்ளைகள் பேரைச் சொன்னேன், பேரப்பிள்ளைகள் பேரைச் சொன்னேன், அதோடு அந்த விளக்குக்கார அம்மாவைக் கூப்பிட்டு அவர் பேரையும் நட்சத்திரத்தையும் கேட்டுச் சொன்னேன். அவருக்கு ஒரே வெட்கம். “இங்கயே இருக்கேன், எனக்கு எதுக்கு ஆச்சி அர்ச்சனை?” என்றார். ஆனாலும் கற்பூரத்தை இரண்டு கையாலும் ஒற்றிக்கொண்டபோது அவர் கண் நிறைந்திருந்தது.

வீட்டிலும் இப்போது இப்படித்தான் இருக்கிறது எனக்கு. பெரிய வீட்டில் பாதி அறைகள் பூட்டித்தான் கிடக்கின்றன. காலையில் வாசலில் ஒரு சின்னக் கோலம், முடிந்த அளவுக்கு. சாமி வீட்டில் விளக்கு. ஆத்தங்குடிக் கல் பாவின தரையில் வெயில் வந்து விழுகிற இடம் மாசத்துக்கு மாசம் நகர்வதைப் பார்த்தே தை பிறக்கப் போவதைச் சொல்லிவிடுவேன்.

கார்த்திகை வந்தால் பிள்ளையார் நோன்பு. திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள், புது வேட்டியிலிருந்து தினம் ஒரு இழை எடுத்து வைத்து, சஷ்டியும் சதயமும் கூடுகிற நாளில் 21 இழையையும் சேர்த்துத் திரியாக்குவோம். வெல்லமும் நெய்யும் போட்டுப் பிசைந்த மாவைப் பிள்ளையாராகப் பிடித்து, அதில் திரியை வைத்து ஏற்றி, சுடரோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வீட்டுப் பெரியவர்தான் ஒவ்வொருவருக்கும் எடுத்துக் கொடுப்பார். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பயத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். நெருப்பு நாக்கில் படுமுன் அணைந்து, நெய் மணமும் இனிப்பும் மட்டும் மிஞ்சும். அன்றிலிருந்து இன்று வரை ஒரு தடவை கூட நாக்கு சுட்டதில்லை. காற்றில்லாமல் அணைகிறது என்று பேரன் விளக்கம் சொன்னான். சரி, அது அப்படித்தான் இருக்கும். எனக்கு அந்த நொடியில் வாய்க்குள் பிள்ளையார் வந்ததாகத்தான் இருக்கிறது, இரண்டும் இருக்கட்டும்.

அவுக கையால் இழை வாங்கிய வருஷங்கள் போய்விட்டன. இப்போது மகன் வெளிநாட்டில் தன் வீட்டில் இழை எடுக்கிறான், வீடியோவில் காட்டுகிறான். இங்கே நான் பங்காளி வீட்டில் போய் எடுத்துக்கொள்கிறேன். போன தடவை அங்கே பேத்திக்கு முதல் முறையாகக் கொடுத்தார்கள். கண்ணை இறுக்க மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள். அது அச்சு அசல் என் முகம் என்று எங்கள் அண்ணமிண்டி, அதாவது அண்ணன் மனைவி, சொன்னாள்.

வைரவன்பட்டிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளையார்பட்டிக்கு வருகிறவர்கள் பலர் அப்படியே திரும்பிவிடுகிறார்கள். ஆட்டோவில் கொஞ்ச தூரம்தான். வசதி இருந்தால் இரணியூருக்கும் போய்ச் சிவபுரந்தேவி சன்னிதி மண்டபத்துத் தூண்களில் நவதுர்க்கைகளைப் பாருங்கள். இரணியனை வதைத்த தோஷம் தீர நரசிம்மர் அங்கே சிவனைப் பூஜித்தார் என்பது தலபுராணம். காலையில் சீக்கிரம் போனால் நடை சாத்துவதற்குள் அவசரப்படாமல் உட்கார்ந்து எழலாம். வயசானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள், “வாங்க வாங்க, அடுத்த கோவிலுக்கு நேரமாச்சு” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வருகிற தேய்பிறை அஷ்டமிக்கு வைரவருக்கு வடைமாலை சாத்தச் சொல்லியிருக்கிறேன். மிளகை மட்டும் நானே வீட்டில் இடித்துக் கொடுத்தனுப்புவதாக ஏற்பாடு. அந்த விளக்குக்கார அம்மாவுக்கு நொச்சி இலை கட்டி வைத்திருக்கிறேன், அதையும் ஆட்டோத் தம்பியிடம் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.