எங்கள் ஆத்தாவுக்கு ஜனவரி ஒன்று

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில் நிபோங் திபால் பட்டணத்தைத் தாண்டி, தார்ச் சடக்கு முடிந்து செம்மண் சடக்கு தொடங்கும் இடத்தில் ஓர் இரும்பு கேட் இருக்கும். காவலாளியிடம் அடையாள அட்டையை நீட்டி "கோயிலுக்கு" என்றால் திறந்து விடுவார். அப்புறம் இரண்டு பக்கமும் செம்பனைதான், எண்ணெய் எடுக்கிற பனை. மழை பெய்திருந்தால் பாதியிலேயே காரை ஓரம் கட்டிவிட்டு, பானை, அரிசி, விறகு, பூ எல்லாவற்றையும் தலைக்குக் கொஞ்சமாகப் பிரித்துத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். சடக்கின் கோடியில் இருக்கிறாள் எங்கள் மாரியாத்தா.

தோட்டத் தொழிலாளிகள் குடியிருந்த லயங்களை இடித்துப் பல வருடமாகிறது. கணக்கெழுதும் கிராணியின் வீடு இல்லை, பிள்ளைகளை விட்டுப் போகும் ஆயக்கொட்டகை இல்லை, விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூடிய திடலில் இப்போது செம்பனை காய்க்கிறது. கோயிலும், பக்கத்தில் ஒரு கிணறும், எப்படியோ வெட்டுக்குத் தப்பிய ஒரே ஒரு ரப்பர் பால்மரமும்தான் மிச்சம்.

அங்கே வருடா வருடம் ஜனவரி 1 அன்று ஊர்ப் பொங்கல் வைக்கிறோம் என்றால் வெளியூர்க்காரர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதெப்படி மார்கழியில் பொங்கல், அதுவும் வெள்ளைக்காரன் புத்தாண்டுக்கு? எங்கள் பெரியப்பாவே முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "தை பொறக்கட்டும், அப்புறம் பானைய வைங்கடா" என்றார். பூசாரி ஐயாதான் பஞ்சாயத்தை முடித்து வைத்தார்: சூரியனுக்கு வைக்கிற பொங்கல் வேறு, ஆத்தாவுக்கு நேர்ந்துகொண்டு வைக்கிற பொங்கல் வேறு, இவளுக்கு எந்த மாதத்தில் வைத்தாலும் குறையில்லை.

சாஸ்திரம் அது. ஆனால் உண்மையான காரணம் லீவு. பொங்கலுக்கு மலேசியாவில் பொது விடுமுறை கிடையாது. பிறை நகரத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு பார்க்கிறவன் தை முதல் நாளில் காலை ஏழு மணிக்கு பஞ்ச் கார்டு அடித்துத்தான் ஆக வேண்டும். ஜனவரி 1 பினாங்கு மாநிலத்தில் எல்லாருக்கும் விடுமுறை. ஆத்தாவைப் பார்க்க எல்லாரும் ஒன்றாக வர முடிகிற நாள் எதுவோ அதுதான் திருவிழா. இதில் யார் நாள்காட்டி என்று பார்த்தால் கோயிலுக்கு எண்ணெய் வாங்கக்கூட ஆள் இருக்காது.

இதிலும் ஒரு கூத்து உண்டு. மூடா ஆற்றைத் தாண்டிவிட்டால் கெடா, அங்கே ஜனவரி 1 விடுமுறை இல்லை. ஜொகூரிலும் இல்லை. இந்த வருடம், 2026-ல், ஜனவரி 1 வியாழக்கிழமையில் விழுந்ததால் சுங்கை பட்டாணியில் இருக்கும் அத்தை மகனுக்குக் கொண்டாட்டம், கெடாவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை என்பதால் ஒரே ஒரு நாள் லீவு போட்டு மூன்று நாளாக்கிக்கொண்டான். ஜொகூர் பாருவிலிருந்து வந்த சித்தப்பா குடும்பம் வியாழன், வெள்ளி இரண்டு நாளும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, ராத்திரியெல்லாம் வண்டி ஓட்டி விடியற்காலை வந்து சேர்ந்தது. சித்தப்பா சேறு ஒட்டிய காலோடு நேராக ஆத்தா முன்னால் போய் நின்றார். பேசவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துத் திரும்பி, "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டார்.

அன்றைக்கு இருபத்து மூன்று பானை. மகள் எண்ணிச் சொன்னாள். விறகுதான் பிரச்சினை. ரப்பர் இருந்த காலத்தில் காய்ந்த பால்மரக் கட்டைக்குப் பஞ்சமே கிடையாது, திகுதிகுவென்று எரியும், ஒரு பானைக்கு நான்கு கட்டை போதும். செம்பனை மட்டையை வைத்து எரித்துப் பாருங்கள், புகைதான் வரும். யாரோ ஒரு தம்பி கேஸ் அடுப்பைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். பெரியம்மா அவனைப் பார்த்த பார்வையில் அவன் அதைத் திரும்பக் காரிலேயே கொண்டு போய் வைத்துவிட்டான். கடைசியில் உடைந்த பலகை, பழைய பெட்டி என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் கண்ணெரிச்சலோடு ஊதி ஊதி எரித்தோம். அம்மாவின் பானை முதலில் பொங்கியது. கிழக்குப் பக்கம் வழிந்தது என்று அம்மா சாதித்தார், எனக்கென்னவோ தெற்கு மாதிரிதான் தெரிந்தது. சரி, யார் வாதாடுவது.

தை முதல் நாளில் மறுபடி போனோம். வேலை நாள். நான், அம்மா, மனைவி, பெரியம்மா, பூசாரி ஐயா, ஓய்வு பெற்ற ஒரு மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்), மொத்தம் ஆறு பேர். ஒரே பானை. கிணற்றடியில் யார் பேசினாலும் கோயிலுக்குள் கேட்கும் அளவுக்கு அமைதி. முந்தின நாள் பட்டணத்துப் பாசாரில் (சந்தையில்) ஒரு சீனத் தவுக்கேயிடம், அதாவது கடை முதலாளியிடம், ஒரு ஜோடி கரும்பு வாங்கியிருந்தேன், வேரும் தோகையுமாக. பொங்கல் சமயத்தில் கரும்பு, மாவிலை, தோரணம், மண்பானை எல்லாம் அவர் கடையிலேயே கிடைக்கும். தமிழில்தான் விலை சொல்வார், தமிழில்தான் குறைக்கவும் மறுப்பார்.

பூசை முடிந்ததும் அம்மா ஒரு கரும்பின் தோகைப் பக்கத்தை இரண்டு கணுவோடு வெட்டச் சொன்னார். கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் ஈர மண்ணில் படுக்கை வசமாக வைத்து மண்ணைத் தள்ளி மூடினார். எதற்கும்மா என்று கேட்டேன்.

"கரும்பு வெட்ட வந்த கூட்டம்டா நாம. என் பாட்டி சொல்லும்."

இதைச் சின்ன வயதில் கேட்டிருந்தால் அம்மா கதை விடுகிறார் என்றுதான் நினைத்திருப்பேன். நமக்கெல்லாம் தோட்டம் என்றால் ரப்பர்தானே, பால் பிடிக்கும் மங்கும் மரம் சீவும் உளியும் பால் சுமக்கும் காண்டா வாளியும். ஆனால் பினாங்குத் தீவுக்கு எதிரே நிலப்பகுதியான இந்தச் செபராங் பிறையின் தெற்கு முழுக்க 19-ஆம் நூற்றாண்டில் கரும்புக் காடு. நாகப்பட்டினத்தில் கப்பலேற்றி, ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களைக் கொண்டுவந்து இறக்கியது கரும்பு வெட்டத்தான். 20-ஆம் நூற்றாண்டு பிறந்து ரப்பர் விலை ஏறியதும் கரும்பை அழித்து ரப்பர் நட்டார்கள். 1910-ல் ஒப்பந்தக் கூலி முறையும் முடிவுக்கு வந்தது. அப்புறம் ரப்பரை வெட்டிச் செம்பனை. இங்கே பக்கத்தில் கலிடோனியா தோட்டத்தில் 99 கதவு பங்களா என்று ஒன்று பாழடைந்து கிடக்கிறது, 1948-ல் அதன் துரை சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பேய் பங்களா ஆகிவிட்டது, இளவட்டங்கள் ராத்திரியில் போன் கேமராவோடு போய்ப் பேய் தேடுகின்றன. துரைக்குப் பேய்க்கதையாவது மிஞ்சியது. கரும்பு வெட்டினவர்களுக்கு இந்த ஆத்தாவும் என் அம்மாவின் பாட்டி சொன்ன ஒரு வரியும்.

தைப்பூசம் இந்த வருடம் பிப்ரவரி 1, ஞாயிற்றுக்கிழமை. திங்கட்கிழமை பதில் விடுமுறை வேறு. லீவுக் கணக்கே போடத் தேவையில்லாத தைப்பூசம்! எனக்குப் பால்குட வேண்டுதல் இருந்தது, மகளுக்குத் தேர்வு நல்லபடியாக முடிந்ததற்கு. விரதம் இருந்தேன். 48 நாள் என்று பெருமையடிக்கமாட்டேன், இருபத்தொரு நாள்தான், அதிலும் கேண்டீன் வாசலைக் கடக்கும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டு போன நாள்கள் உண்டு.

சனிக்கிழமையே கிளம்பிவிட்டோம். நிபோங் திபால் ஸ்டேஷனில் கொம்யூட்டர் ரயில் ஏறினால் பட்டர்வொர்த், அங்கிருந்து பெர்ரியில் பினாங்குத் தீவு. காரில் போய் பார்க்கிங் தேடி ஒரு மணி நேரம் சுற்றுவதற்கு இது எவ்வளவோ மேல். பாதி ரயில் மஞ்சள் உடுப்பு, பெர்ரியிலும் அப்படியே, கடல் காற்றில் திருநீறு வாசனை.

தைப்பூசத்துக்கு முந்தின நாள்தான் பினாங்கில் ரதம் புறப்படும். 1894-லிருந்து ஓடுகிற செட்டியார்களின் வெள்ளி ரதம் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து காளை பூட்டிக் கிளம்பும். 2017-லிருந்து முருகனின் வேல் ஏந்திய தங்க ரதமும் குயின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து தனியாகப் போகிறது. எனக்கு இரண்டையும் விடத் தேங்காய்தான். வழி நெடுக ஆளுயரத்துக்குத் தேங்காய்க் குவியல், ரதம் நெருங்குகிறது என்று ஒரு குரல் வந்ததும் சடசடவென்று உடைப்பார்கள் பாருங்கள், சடக்கே இளநீரில் வெள்ளமாகிவிடும். உடைப்பவர்களில் பாதிப் பேர் சீனர்கள். ஒரு சீன ஆச்சி கையில் ஊதுபத்திக் கட்டோடு நின்று, பேரன்களை வரிசையாக நிறுத்தி ஆளுக்கு ஒன்று உடைக்க வைத்துக்கொண்டிருந்தார். கடைசிப் பேரன் சின்னப் பையன், அவன் போட்ட தேங்காய் உடையாமல் உருண்டு என் காலடிக்கு வந்தது. அதை எடுத்துக் கொடுக்கத்தான் குனிந்தேன், ஓர் அடி முன்னால் வைத்தேன், சிரட்டைச் சில்லு உள்ளங்காலில் ஏறிவிட்டது. ஆச்சி பதறிப்போய் ஒரு புட்டி மினரல் தண்ணீரைக் காலில் ஊற்றினார், முதலுதவிக் கூடாரத்தில் கட்டுப் போட்டு விட்டார்கள். மனைவி முகத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "வேண்டுதல் உங்களுக்கா, காலுக்கா?" என்றாள்.

மறுநாள் விடியுமுன் பால்குடம் எடுத்தேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு 513 படி. மேலே இப்போது இருக்கும் பெரிய கோயில் 2012-ல் திறந்தது. கட்டுப் போட்ட காலை ஊன்றும்போதெல்லாம் சுருக்கென்றது. முந்நூறாவது படிக்கு மேல் எண்ணிக்கை விட்டுப் போய்விட்டது, முன்னால் போகிறவரின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினேன். பின்னால் யாரோ ஒரு பையன் "வேல் வேல்" என்று அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டே வந்தான். அந்தக் குரல் நின்றால் நானும் நின்றுவிடுவேன் என்று தோன்றியது. அவன் நிற்கவில்லை. மேலே பால் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கீழே ஜோர்ஜ்டவுன் விளக்குகள், தூரத்தில் கடல் வெளுக்கத் தொடங்கியிருந்தது. மகளை நினைத்தேனா, முருகனை நினைத்தேனா என்று கேட்டால், உண்மையைச் சொல்கிறேன், கால் வலியைத்தான் நினைத்தேன். அப்புறம் தண்ணீர்ப் பந்தலில் மோரும் சாம்பார் சாதமும். இரண்டு தட்டு.

திங்கட்கிழமை லீவு இருந்ததே, பூசத் திருநீற்றை எடுத்துக்கொண்டு ஆத்தாவைப் பார்க்கப் போனோம். அம்மா நேராகக் கிணற்றடிக்குப் போனார். இரண்டு வாரத்துக்கு மேலாகியிருந்தது, பூசாரி ஐயா முளை விட்டிருக்கிறது என்று போனில் சொல்லியிருந்தார். போய்ப் பார்த்தால் குழி மட்டும்தான் இருந்தது, சுற்றிலும் குளம்புத் தடம். காட்டுப்பன்றி. செம்பனைக் காட்டில் அதுக்கென்ன பஞ்சம். அம்மா எதுவும் சொல்லவில்லை, திருநீற்றை மட்டும் பூசிக்கொண்டார்.

பௌர்ணமியும் பூச நட்சத்திரமும் கூடினால் தைப்பூசம், அமாவாசையில் சீனப் புத்தாண்டு, அதனால் இரண்டுக்கும் நடுவே பெரும்பாலும் அரை மாதம்தான். 2023-ல் சீனப் புத்தாண்டின் பதினைந்தாம் நாளான சாப் கோ மேயும் தைப்பூசமும் ஒரே நாளில் வந்தன. இந்த வருடம் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 17. அந்தக் கையோடு நோன்பும் தொடங்கிவிட்டது, பட்டணத்தில் ஒரு பக்கம் சிவப்பு விளக்கு, ஒரு பக்கம் நோன்புக் கஞ்சி. புத்தாண்டின் எட்டாம் நாள் ராத்திரி ஹொக்கியன் சீனர்களுக்கு வருடப் பிறப்பை விடப் பெரியது, வானத்து ராஜாவின் பிறந்தநாளுக்கு மேசை போட்டுக் கரும்பு கட்டிக் கும்பிடுவார்கள். எதிரிகள் துரத்தியபோது அவர்கள் முன்னோர் கரும்புக் காட்டுக்குள் ஒளிந்து உயிர் பிழைத்தார்கள் என்று கதை.

பிப்ரவரி 24 சாயங்காலம் வேலை முடிந்து வரும் வழியில் அதே தவுக்கே கடையில் மோட்டாரை நிறுத்தினேன். கடை முழுக்கக் கரும்பு, பொங்கலுக்கு வந்ததைவிட உயரமாக, வேரோடு.

"உனக்குப் பொங்கல் முடிஞ்சு போச்சே தம்பி?"

"அம்மாவுக்கு."

அவர் இருப்பதிலேயே கணு நெருக்கமான ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார். நான் கேட்டது ஒற்றைக் கரும்பு. ஒற்றையாக விற்கமாட்டேன், ராசியில்லை என்று ஜோடியாகக் கட்டி மோட்டாரில் நீளவாக்கில் வைத்து ரப்பர் கயிற்றால் இறுக்கிவிட்டார். வழியெல்லாம் தோகை என் காதை உரசிக்கொண்டே வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறோம். இந்த முறை கம்பி வலையும் நான்கு இரும்புக் கம்பியும் வாங்கி வைத்திருக்கிறேன், காவலாளி கேட்டால் கோயிலுக்கு என்றுதான் சொல்ல வேண்டும்.