உளுந்து வருவதற்குள் தஞ்சாவூர்

எனக்கு லீவு கிடைப்பதும் கிடைக்காததும் உளுந்தின் கையில் இருக்கிறது. பர்மாவில், யாங்கோன் (பழைய ரங்கூன்) பயின்னவுங் சந்தைப் பக்கம் ஒரு பருப்பு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். பிப்ரவரி கடைசியில் புது உளுந்து வரத்துத் தொடங்கிவிட்டால், மூட்டைக் கணக்கு, லாரிக் கணக்கு, கப்பல் கணக்கு என்று தீஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டு, வரைக்கும் தலை நிமிர முடியாது. இங்கிருந்து வெளியே போகிற உளுந்தில் பெரும்பகுதி இந்தியாவுக்குத்தான். சென்னைத் துறைமுகத்தில் இறங்கி யார் வீட்டு இட்லியிலோ போய்ச் சேர்கிறது. வருஷம் தவறாமல் உளுந்து போகிறது, கணக்கெழுதுகிற நான் போனதில்லை. இந்த முறை போவது என்று முடிவு செய்து, கொஞ்ச நாளாக மாலை நேரங்களில் அதற்கான கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். ரங்கூன் பக்கம் இருந்து கிளம்ப நினைக்கிற வேறு யாருக்காவது உதவட்டும் என்று எழுதி வைக்கிறேன்.

முதலில் மாதம். தீஞ்சானுக்கு நீண்ட விடுமுறை, மண்டியும் மூடிக் கிடக்கும், லீவு கேட்கவே வேண்டாம். ஆனால் அது ஏப்ரல் நடு. தஞ்சாவூர் வெயிலில், செருப்பில்லாமல், கோவில் முற்றத்துக் கல்லில், என்னோடு வருகிற எழுபது வயது அத்தையை நடக்கவிட எனக்குத் துணிச்சல் இல்லை. விமான டிக்கெட்டும் அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். அக்டோபர், நவம்பர் அங்கே மழைக்காலம். ஜனவரியில் பொங்கல் கூட்டம், ரயிலில் இடம் இருக்காது. அது ஓய்வதற்குள் பக்கத்துத் திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை வந்துவிடும், தஞ்சாவூரில் ரூம் தேட வேண்டியிருக்கும். மிச்சம் இருப்பது பிப்ரவரி. 12ஆம் தேதி எங்களுக்கு ஒன்றிய தினம், பர்மா ஒன்றியமாகச் சேர வழிசெய்த பாங்லாங் ஒப்பந்தம் 1947இல் கையெழுத்தான நாள், அரசு விடுமுறை. அதன் முன்னும் பின்னும் லீவு ஒட்டவைத்தால் ஒரு வாரம் தேறும். புது உளுந்து வருவதற்குள் திரும்பிவிடுவேன் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சிரித்தார். அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

ஏன் தஞ்சாவூர் என்று எல்லோரும் கேட்கிறார்கள். மதுரை போகலாமே, ராமேஸ்வரம் போகலாமே என்கிறார்கள். காரணம் பாகன், பர்மாவின் பழைய தலைநகரம். சில வருஷம் முன்னால் அங்கே போயிருந்தபோது அருங்காட்சியகத்தில் ஒரு கல்வெட்டைப் பார்த்தேன். மியின்பாகனில் கிடைத்த 13ஆம் நூற்றாண்டுக் கல். மேலே சமஸ்கிருத சுலோகம், கீழே தமிழ். மலைமண்டலத்து மகோதயர்பட்டணத்திலிருந்து, அதாவது இன்றைய கேரளக் கரையிலிருந்து வந்த குலசேகர நம்பி என்பவர், பாகனில் இருந்த நானாதேசி விண்ணகர் என்ற பெருமாள் கோவிலுக்கு மண்டபம் கட்டி, கதவு போட்டு, நின்றெரிய ஒரு நிலைவிளக்கும் கொடுத்தாராம். நானாதேசி என்றால் பல தேசம் சுற்றும் வணிகர் கூட்டம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த கல்லில் எனக்கு ஒரு எழுத்தும் பிடிபடவில்லை. ஆனால் விட்டு நகரவும் முடியவில்லை.

அதற்கு மறுபக்கம் தஞ்சாவூரில் இருக்கிறது. 1025ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் கடல் தாண்டிப் படை அனுப்பினான். கைப்பற்றியதாகச் சொல்லும் ஊர்களின் பட்டியல் அவன் மெய்க்கீர்த்தியில், அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசன் புகழ்ப் பகுதியில், வருகிறது, அது பெரிய கோவில் கல்வெட்டிலும் இருக்கிறது. ஸ்ரீவிஜயம், கடாரம், இலங்காசோகம், மாநக்கவாரம் என்று போகிற அந்த வரிசையில் மாப்பப்பாளம் என்றும் ஒரு பெயர் உண்டு, நிறைந்த நீரையே காவலாகக் கொண்ட ஊர் என்ற அடைமொழியோடு. இலங்கையின் பழைய வரலாற்று நூலில் ராமஞ்ஞ தேசத்து, அதாவது கீழ்ப் பர்மாவின் மோன் நாட்டுத் துறைமுகம் ஒன்றுக்கு இதை ஒத்த பெயர் வருவதால், மாப்பப்பாளம் எங்கள் பக்கத்து ஊர்தான் என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் சொல்கிறார்கள். ஆயிரம் வருஷத்துக் கோவிலில் எங்கள் கரையின் பெயர் இருக்கிறதாம். அதை நேரில் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

பாகனில் பட்ட அவமானம் போதும் என்று இப்போது எழுத்துப் பழகுகிறேன். சோழர் காலத்து எழுத்து, முதலில் மிரட்டினாலும் கொஞ்ச நாளில் வசப்படுகிறது. க, ட, ப, ம எல்லாம் அடையாளம் தெரிகின்றன. புள்ளி பெரும்பாலும் வைக்கமாட்டார்கள், எகரமும் ஏகாரமும் ஒன்றுபோல் இருக்கும், ரகரத்துக்கும் காலுக்கும் வித்தியாசம் பார்ப்பது கஷ்டம். ஹுல்ட்ஷ் என்ற ஜெர்மானியர் நூறு வருஷத்துக்கு முன்பே தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்து அச்சிட்டுவிட்டார், அந்தப் பாடத்தை வரிக்கு வரி ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். கோவிலைக் கட்டிய ராஜராஜனின் கல்வெட்டுகளிலோ கோவிலில் ஆடிய நானூறு தளிச்சேரிப் பெண்களின் (தளிச்சேரி என்பது அவர்கள் குடியிருந்த தெருக்கள்) பெயர், எந்த ஊர்க் கோவிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாவது வீடு என்பது வரைக்கும் இருக்கிறது. கணக்கெழுதிப் பிழைக்கிற எனக்கு, கோபுரத்து உயரத்தைவிட இந்தப் பதிவேடுதான் பெரிது.

சரி, வழிக்கு வருவோம். தஞ்சாவூர் என்றதும் இங்கே எல்லோரும் சென்னைக்குத்தான் டிக்கெட் பார்க்கிறார்கள். சென்னையில் இறங்கினால் ஒரு ராத்திரி ரூம், ஆட்டோ, அப்புறம் ஆறேழு மணி நேர ரயில், திரும்பும்போதும் அதே கூத்து. ஒரு வாரப் பயணத்தில் இரண்டு நாள் அதிலேயே கரைந்துபோகும். நான் பார்த்திருப்பது கோலாலம்பூர் வழி. அங்கிருந்து திருச்சிக்கு ஏறக்குறைய நாலு மணி நேரம்தான். திருச்சியிலிருந்து தஞ்சாவூர் அறுபது கிலோமீட்டருக்குள். பஸ் வந்துகொண்டே இருக்கும், ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம், ரயிலும் உண்டு. இந்த வழியில் ஒரு கவனம் வேண்டும். இரண்டு விமானத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்தால், கோலாலம்பூரில் குடிநுழைவு தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையையும் முன்னாலேயே நிரப்ப வேண்டும். அதனால் நடுவில் நிறைய நேரம் விட்டு டிக்கெட் எடுங்கள். பெட்டியே வேண்டாம், தோளில் மாட்டும் பை போதும் என்பது என் கட்சி. மலிவு விமானத்தில் கைப்பைக்கு ஏழு கிலோதான். லப்பெட் (ஊறவைத்த தேயிலை) இல்லாமல் எப்படிப் போவது என்பது அத்தையின் கட்சி. இன்னும் தீர்ப்பாகவில்லை.

விசா பயமுறுத்தவில்லை. 2017இல் இந்தியப் பிரதமர் இங்கே வந்தபோது, மியான்மர் குடிமக்களுக்குக் கட்டணமில்லாத விசா என்று அறிவித்தார். இ-விசாவில் இறங்கக்கூடிய விமான நிலையங்களில் திருச்சியும் ஒன்று.

தலைவலி கொடுத்தது தங்குமிடம். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் தங்கினால் அந்த லாட்ஜ் அரசுக்குத் தகவல் அனுப்பியாக வேண்டும், சி படிவம் என்று அதைச் சொல்வார்கள். அந்தத் தொல்லைக்குப் பயந்தே சின்ன லாட்ஜ்கள் வெளிநாட்டுக்காரர்களை ஒதுக்கிவிடுகின்றன. வாட்ஸப்பில் கூப்பிட்டேன். என் தமிழைக் கேட்டுவிட்டு, "ஆதார் கொண்டுவாங்கம்மா, ரூம் இருக்கு" என்றார் ஒருவர். பர்மா பாஸ்போர்ட் என்றேன். "ஓ, வெளிநாடா?" என்று குரல் மாறியது, ரூமும் காணாமல் போனது. ஆகவே வாடகையைக் கேட்பதற்கு முன்னால் சி படிவம் போடுவீர்களா என்று கேளுங்கள். போடுகிற இடம் கொஞ்சம் விலை கூடத்தான். கடைசியில் ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒன்று அமைந்தது. அங்கிருந்து பெரிய கோவிலுக்கும் நடந்தே போய்விடலாம் என்பதால், வாடகையில் போனது ஆட்டோவில் திரும்பி வந்துவிடும்.

பணம். ரூபாய் நோட்டை இங்கிருந்தே வாங்கிக்கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். அந்த வம்பு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். டாலர்தான். எங்கள் கியாட் பணம் விழுந்த வீழ்ச்சியில் ஒவ்வொரு டாலரும் ரத்தம். அதுவும் மடிப்பில்லாத நோட்டாக வேண்டும் என்று பெட்டிக்கு அடியில் பரப்பி வைப்பது நம் ஊர்ப் பழக்கம். விமான நிலையத்தில் கொஞ்சம் மட்டும் மாற்றிக்கொண்டு, மீதியை ஊருக்குள் மாற்றலாம். அங்கே தேநீர்க் கடையில்கூட போனைக் காட்டித்தான் காசு கொடுக்கிறார்கள். நம்மிடம் அது இருக்காது என்பதால் சில்லறை வேண்டும்.

நுழைவுச் சீட்டில் நமக்கு ஒரு நல்ல சேதி, பலருக்குத் தெரிவதில்லை. இந்தியத் தொல்லியல் துறை கட்டணம் வாங்குகிற இடங்களில் பிம்ஸ்டெக் (வங்காள விரிகுடாவைச் சுற்றிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டுக்காரர்களுக்கும் இந்தியர் கட்டணம்தான், அதில் மியான்மரும் சேர்த்தி. மாமல்லபுரத்தில் வெளிநாட்டவருக்கு 600 ரூபாய், இந்தியருக்கு 40. பர்மா பாஸ்போர்ட்டைக் காட்டினால் 40. சென்னை வழியாகப் போகிறவர்கள் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். பெரிய கோவிலுக்குக் கட்டணமே கிடையாது. தஞ்சை அரண்மனைக்கு இந்தச் சலுகை பொருந்தாது, அது தொல்லியல் துறையுடையது அல்ல.

அந்த அரண்மனைக்கு ஒரு பகல் முழுதும் ஒதுக்கியிருக்கிறேன். அங்கே உள்ள கலைக்கூடத்தில் திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகனர் இருக்கிறார். 1011இல் வார்த்த செம்பு. பாம்பையே தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு, ஒரு காலை மாற்றி வைத்து, காளை மேல் கையை ஊன்றி நிற்கிறார். ஆனால் காளை இல்லை, தொலைந்துவிட்டது. படத்தை அத்தையிடம் காட்டினேன். "காளை மேயப் போயிருக்கும், நீ ஏன் கவலைப்படுற" என்றார்.

கோவிலுக்கு ஒரே நாளில் இரண்டு முறை போக வேண்டும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், சாயங்காலம் நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். காலையில் தரிசனம், சாயங்காலம் கல்வெட்டு என்று வைத்திருக்கிறேன், சாய்ந்த வெயிலில்தான் வெட்டின எழுத்து நிழல் கட்டித் தெரியும். கருவறையைச் சுற்றிய உள்சுற்றில் உள்ள சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. வளாகத்தில் வைத்திருக்கும் படங்களோடு திருப்தி அடைய வேண்டும். அப்புறம், கோபுர நிழல் தரையில் விழாது என்று யாராவது சொன்னால் கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள். விழும். 1010இல் கட்டி முடித்த இருநூறு அடிக்கு மேற்பட்ட விமானம் அது, அதற்குப் பொய் அலங்காரம் எதற்கு?

திட்டத்திலிருந்து வெட்டியது நிறைய. கல்லணை போயிற்று, செட்டிநாடு போயிற்று. கங்கைகொண்ட சோழபுரத்தை எடுக்கத்தான் மனசு வரவில்லை, அது ராஜேந்திரன் ஊர். ஆனால் எழுபது கிலோமீட்டர், பஸ் மாற வேண்டும், அத்தையின் முழங்கால் ஒத்துக்கொள்ளாது. தாராசுரத்தை வைத்துக்கொண்டேன். கும்பகோணத்துக்கு ரயிலில் போய் அங்கிருந்து பக்கம். இரண்டாம் ராஜராஜன் கட்டியது. தேர் வடிவ மண்டபமும், சாண் உயரச் சிற்பங்களாக நாயன்மார் கதைகளும் உண்டு. முடிந்ததும் கும்பகோணத்தில் காபி.

திரும்பும் நாள் முழுக்க அத்தையுடையது. "ஏன்டி, திருச்சியில இறங்கிட்டு சமயபுரத்தாளப் பாக்காம வந்தா, இங்க பீலிக்கான்ல எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிறது?" என்று கேட்டார். பீலிக்கான் இங்கே எங்கள் அம்மன் கோவில். பதில் இல்லை. விமானம் இரவில்தான் என்பதால் காலையிலேயே திருச்சிக்கு வந்து, பையை ஸ்டேஷனில் போட்டுவிட்டு, சமயபுரம் போய்வரலாம்.

சொந்தக்காரர் வீடுகளை மட்டும் நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். அறுபதுகளில் இங்கிருந்து கப்பலேறிப் போன தாத்தாவின் தம்பி குடும்பம் அங்கே ஒரு பர்மா காலனியில் இருக்கிறது. போனால் ஒரு வேளைச் சாப்பாட்டோடு விடமாட்டார்கள், மூன்று நாள் போய்விடும். தஞ்சாவூருக்கு வந்து பாருங்கள் என்று சேதி அனுப்பியிருக்கிறேன். கோபம்தான். அவர்களுக்காகத் தனகா கட்டையும் (முகத்தில் அரைத்துப் பூசுவது) லப்பெட்டும் எடுத்துக்கொண்டால் தணியும் என்று அத்தை சொல்கிறார். ஏழு கிலோ விவகாரத்தில் இது அவர் பக்கத்துப் புதுச் சாட்சி.

டிக்கெட் நேற்று எடுத்தாயிற்று. அதைக் காட்டியதும், புன்னைநல்லூர் மாரியம்மனைத் திட்டத்தில் காணோமே என்றார் அத்தை. தஞ்சாவூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, டவுன் பஸ் போகிறது. 2021லிருந்து தமிழ்நாட்டுச் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் காசு கிடையாது. சேர்த்துவிட்டேன்.