இயற்கையின் தலையில் போட்ட பழி

மார்ச் 3

ஆண் மனசு அலையும், பெண் மனசு ஒருவனிடம் அடங்கும். இயற்கையே அப்படித்தான் என்கிறார்கள். யார் பார்த்துச் சொன்னது என்று தேடிப் போனால், வழியில் பழ ஈக்கள் வந்து நிற்கின்றன.

1948-இல் இங்கிலாந்தில் ஆங்கஸ் பேட்மன் என்ற மரபியலாளர் சில ஆண் ஈக்களையும் சில பெண் ஈக்களையும் குடுவைகளில் சேர்த்து விட்டார். எது எதனோடு கூடியது என்று அவர் உட்கார்ந்து பார்க்கவில்லை. ஒவ்வொரு ஈக்கும் இறக்கை, கண் என்று உடம்பில் எங்காவது ஒரு பரம்பரைக் குறை இருக்கும்படி தேர்ந்தெடுத்து, பிள்ளைகளிடம் அந்தக் குறை தெரிவதை வைத்துத் தாய் தகப்பனைக் கணக்கிட்டார். கூடும் பெண்கள் பெருகினால் ஆணுக்கு வாரிசு பெருகும், பெண்ணுக்கு ஒன்றிரண்டு ஆண் போதும் என்பது முடிவு. ஒரு துணையோடு வாழும் இனங்களிலும், மனிதனிடம்கூட, இந்த வேறுபாடு தொடரும் என்று எதிர்பார்க்கலாம் என ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார். ஈயிலிருந்து மனுஷிக்கு ஒரே தாவல். பிள்ளைக்காக அதிகம் செலவழிக்கும் பால்தான் துணையைத் தேர்வதில் கறாராக இருக்கும் என்ற தன் கோட்பாட்டுக்கு, 1972-இல் உயிரியலாளர் ராபர்ட் டிரிவர்ஸ் இதை ஆதாரமாக எடுத்தார். பிறகு பாடப்புத்தகங்கள்.

பேட்மன் கட்டுரையில் இரண்டு வரைபடங்கள் உண்டு. ஒன்றில் பெண் ஈக்கும் துணை கூடக் கூட வாரிசு ஏறத்தான் செய்கிறது. புத்தகங்களில் பெயர் வாங்கியது இன்னொன்று.

2012-இல் அமெரிக்க உயிரியலாளர் பாட்ரிசியா கோவாட்டியும் உடன் பணிபுரிந்தவர்களும் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். பிள்ளை யாருடையது என்று உறுதியாகத் தெரிய, தாயின் குறையும் தகப்பனின் குறையும் அதனிடம் சேர்ந்திருக்க வேண்டும். அப்படி இரண்டையும் சுமந்தவற்றில் பல, எண்ணிப் பார்க்கும் முன்பே செத்துப்போயின. கணக்கே கோணல். இதனால் எல்லா உயிரினத்திலும் இந்த வேறுபாடு பொய் என்றாகிவிடாது. ஆனால் செத்த ஈக்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இத்தனை காலம் நம்மைப் பற்றித் தீர்ப்பு வாங்கியிருக்கிறார்கள்.

மார்ச் 5

ஈ கிடக்கட்டும், மனுஷிகளிடமே கேட்டார்களே? கேட்டார்கள். 2003-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. கல்லூரி மாணவர்களிடம், இதுவரை எத்தனை பேரோடு உறவு என்று கேள்வி. பதிலைப் பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடலாம் என்ற நிலையில் பெண்கள் சொன்ன சராசரி 2.6. பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவி என்று நம்பவைத்து, வேலை செய்யாத ஒன்றை மாட்டிவிட்டுக் கேட்டபோது 4.4. ஆண்களின் எண் எப்படிக் கேட்டாலும் நான்கை ஒட்டியே நின்றது.

மார்ச் 9

அமெரிக்கக் கல்லூரி வளாகம் ஒன்றில் நடந்த அந்தப் பழைய சோதனையையும் சொல்லாமல் விட முடியாது. முன்பின் தெரியாத ஒருவர் வந்து “இன்று இரவு என்னோடு படுக்க வருகிறாயா?” என்று கேட்கிறார். ஆண்களில் நான்கில் மூன்று பேர் சரி என்றார்கள், பெண்களில் ஒருத்தியும் இல்லை. 1989-இல் வெளியானது, பெண்ணுக்கு ஆசை குறைவு என்பவர்கள் உடனே எடுத்து நீட்டுவது இதைத்தான். 2011-இல் உளவியலாளர் டெரி கான்லி கேள்வியைக் கொஞ்சம் மாற்றினார்: கேட்பவர் அழகான பிரபலம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆண் பெண் இடைவெளி போன இடம் தெரியவில்லை. அந்த ஆளிடம் இன்பம் கிடைக்குமா என்ற எதிர்பார்ப்புதான் பெண்ணின் முடிவைப் பெரிதும் தீர்மானித்தது. தெருவில் வழிமறிப்பவனிடம் அதை எந்தப் பெண் எதிர்பார்ப்பாள்? மறுப்பில் ஆசைக் குறைவைப் பார்த்தவர்களுக்கு, அந்த மறுப்பில் இருந்த கணக்கு கண்ணில் படவில்லை.

மார்ச் 14

ஒருவனுக்கு ஒருத்தி என்ற ஏற்பாடு பெண்ணுக்காகவே செய்தது என்பார்கள். ஜெர்மனியில் டீட்ரிஷ் க்ளுஸ்மன் இளம் மாணவர்களிடம் செய்த ஆய்வில் (2002) உறவு ஆண்டுகளைத் தாண்டும்போது பெண்ணின் காம விருப்பம் சரிகிறது, ஆணுடையது அப்படியே நிற்கிறது. கொஞ்சலும் அணைப்பும் வேண்டும் என்ற விருப்பம் ஆணிடம் சரிகிறது. 2017-இல் வந்த பிரிட்டன் ஆய்வில், நாட்டம் இல்லை என்றவர்கள் பெண்களில் 34 சதவீதம், ஆண்களில் 15. அதிலும் ஓராண்டுக்கு மேல் நீண்ட உறவில் இருந்த பெண்களிடம் இது கூடுதல். ஆக, சலிப்பு முதலில் தட்டுவது பெண்ணின் கதவை.

வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன். “ஜெர்மனில குளிர் ஜாஸ்தி” என்றார்.

சிநேகிதியிடம் போனில் சொன்னபோது, “எனக்கு அதுல இஷ்டமே விட்டுப்போச்சுடி” என்றாள்.

“அதுலயா, அவர்கிட்டயா?”

“இப்படிப் பிரிச்சு யாரும் கேட்டதே இல்ல. யோசிச்சுச் சொல்றேன்.”

மார்ச் 15

கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000-லேயே எழுதியது: நீண்ட உறவில் பல பெண்களுக்கு ஆசை முன்னால் வருவதில்லை. நெருக்கம் தொடங்கி, உடல் இளகிய பிறகு வரும். பசித்தால்தான் உட்கார வேண்டும் என்று காத்திருந்தவர்கள் எவ்வளவு காலத்தை வீணாக்கியிருப்பார்கள்.

மார்ச் 21

இப்போது எதிர்ப்பக்கத்துப் பேச்சு. பெண்தான் உண்மையில் அலைபவள், கட்டி வைத்திருக்கிறார்கள், அவிழ்த்துவிட்டால் தெரியும் என்று உற்சாகமாக எழுதுகிறார்கள். எனக்கு இதுவும் ஒத்துவரவில்லை. நமீபியாவின் ஹிம்பா மக்களிடம் 2020-இல் வெளியான மரபணு ஆய்வில், 48 சதவீதப் பிள்ளைகளின் தகப்பன் கணவன் அல்ல. அது பெற்றோருக்கும் பெரும்பாலும் தெரிந்தே இருந்தது. அங்கே அது குற்றமாகப் பார்க்கப்படுவதில்லை. ஐரோப்பாவில் பரம்பரை வழிகளைச் சோதித்தபோது அப்படிப் பிறந்த பிள்ளைகள் தலைமுறைக்கு ஒரு சதவீதம் அளவில்தான் வருகிறது. இரண்டும் மனுஷிகள்தான். எது இயல்பு என்று எந்தப் பக்கம் கை காட்டுவது?

தவறினால் கிடைக்கும் தண்டனையும், பிள்ளையை வளர்க்க யார் துணை என்பதும் ஊருக்கு ஊர் வேறு, நடத்தையும் வேறு. ஒருத்தி ஒருவனோடு இருக்கிறாள் என்றால், பல சமயம் அது அவள் எடுத்த முடிவு. பள்ளம் நோக்கி ஓடுவதற்காக யாரும் தண்ணீரைப் பாராட்டுவதில்லை. இயல்பு என்று சொல்லிச் சொல்லியே அவளுடைய முடிவைக் கணக்கில் இல்லாமல் செய்துவிட்டார்கள். ஆணின் விசுவாசத்துக்கு மட்டும் ‘அடக்கம்’ என்று மதிப்பெண்.

மார்ச் 28

2015-இல் அமெரிக்காவில் ஃபிளிபான்செரின் என்ற மாத்திரைக்கு அனுமதி கிடைத்தது. நாட்டம் குறைந்த பெண்கள் தினம் ஒன்று விழுங்க வேண்டும். வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டால் மாதத்தில் நிறைவான உறவு ஒன்றுகூட முழுதாகக் கூடவில்லை. தலைசுற்றலும் தூக்கமும் உண்டு. இதைவிட 2022-இல் வந்த இன்னொரு கட்டுரை என்னை உட்கார வைத்தது. ஆணோடு வாழும், பிள்ளை உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களிடம் கேட்டது. வீட்டு வேலை தன் தலையில் கூடுதலாக விழுகிறது என்ற பெண்களிடம் துணை மீதான விருப்பம் குறைவு. துணையையும் தான் பார்த்துக்கொள்ள வேண்டிய இன்னொரு பிள்ளைபோல உணர்வதும் அதில் ஒரு காரணம்.

சிநேகிதிக்கு அனுப்பினேன். அவள் அதை அப்படியே தன் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டாளாம். “என்ன சொன்னார்?” என்றேன்.

“மாத்திரை பேர் என்னன்னு கேட்டார்.”