குரோம் சில்லின் முதுகுப்பக்கம்

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு ரயர் கடையில் வேலை செய்கிறேன். ஒக்டோபர் கடைசியில் தொடங்கினால் முதல் சினோ, அதுதான் வெண்பனி, கொட்டி ஓயும்வரை எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அந்த நாட்களில் எங்கடை ஆக்கள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வி: "தம்பி, இந்தக் குரோம் சில்லோட வின்ரரைச் சமாளிக்கலாமோ?"

கழற்றி வையுங்கோ என்பதுதான் என் பதில். பழைய இரும்பு றிம் நாலு வாங்கி, அதிலே வின்ரர் ரயரைப் போட்டு ஓடுங்கோ. குரோம் சில்லை ஏப்ரல் வரைக்கும் கராஜில் படுக்க வையுங்கோ. இதற்குச் சம்மதம் என்பவர்கள் இத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு பழைய சாமான் விற்கிற கிஜிஜி இணையத்தளத்தில் றிம் தேடலாம். மிச்சம், சம்மதிக்க முடியாதவர்களுக்கு.

அப்படி ஒருவர் போன வருடம் வந்தார். கல்யாணங்களுக்கு வாடகைக்குக் கார் ஓட்டுகிற அண்ணை. நீளமான வெள்ளைக் கார், நாலு சில்லும் குரோம். நான் இரும்பு றிம் என்று வாயெடுக்கமுதலே கையைக் காட்டி மறித்துவிட்டார். "மார்கழி முழுக்க கார் சும்மா நிக்கும். தை பிறந்தாத்தான் முகூர்த்தம், எனக்கு உழைப்பு. பொம்பிளை ஏறுற காருக்குக் கறுப்புச் சில்லுப் போடச் சொல்லுறியோ?" நியாயமான கேள்வி. தை மாதம் என்றால் ஜனவரி நடுவிலிருந்து பெப்ரவரி நடுவரை. இங்கே குளிர் உச்சத்தில் நிற்பதும் வீதியெல்லாம் சினோவை உருக்கக் கொட்டுகிற உப்பில் வெளுத்துக் கிடப்பதும் அப்போதுதான்.

காரைத் தூக்கி முன்சில்லு ஒன்றைக் கழற்றி, அவருக்கு முன்னால் திருப்பிப் போட்டேன். முகம் பார்க்கலாம் போல மினுங்கிய சில்லின் மறுபக்கம் பொரித்த அப்பளம்மாதிரிக் கொப்பளித்துக் கிடந்தது. கொப்பளம் உடைந்த இடமெல்லாம் வெள்ளைத் தூள். "நான் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் துடைக்கிறனான் தம்பி" என்றார். துடைத்திருக்கிறார், பொய்யில்லை. துணி போகிற பக்கம் நன்றாகத்தான் இருந்தது.

குரோம் சில்லு என்கிறோமே தவிர அதில் குரோமியம் பெயருக்குத்தான். உள்ளே இருப்பது பெரும்பாலும் அலுமினியம். அதன்மேல் பெரும்பாலும் செம்பு, பிறகு நிக்கல், எல்லாவற்றுக்கும் மேலேதான் குரோமியம். அந்த மேற்பூச்சின் தடிப்பு வழக்கமாக ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. குரோமியத்தை உப்பு லேசில் தின்னாது. ஆனால் அந்தப் பூச்சில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளும் துளைகளும் இருக்கும். உப்புத் தண்ணி அவற்றுக்குள்ளால் இறங்கும். அடியிலுள்ள அலுமினியத்தை அது தொட்டுவிட்டால், இரண்டு உலோகமும் உப்புத் தண்ணியும் சேர்ந்து ஒரு சின்ன பற்றரி வேலை நடக்கும். அதில் கரைவது அலுமினியம். அது வெள்ளைத் தூளாகிப் பொருமி, மேலேயுள்ள பூச்சைத் தூக்கி உரிக்கும். அதனால்தான் இந்தச் சில்லுகளில் சிவப்புக் கறள் தேடினால் கிடைக்காது. பழைய இரும்பு பம்பரில் வரும் சிவப்புப் புள்ளியை அலுமினியத் தாளைக் கசக்கித் தண்ணி தொட்டுத் தேய்த்தால் ஓரளவு போகும். யூரியூப்பில் பார்த்துவிட்டு அதை இந்தக் கொப்பளத்தில் தேய்க்காதேங்கோ. உரிந்தது ஒட்டாது.

உப்பைப் பற்றியும் கொஞ்சம். ஒன்ராறியோவில் கோடரிச் என்ற ஊர் இருக்கிறது. 1866இல் எண்ணெய் கிடைக்குமென்று துளையிட்டவர்களுக்கு உப்புத்தான் கிடைத்தது. இன்று அங்கே ஹியூரன் ஏரிக்கு அடியில், நிலமட்டத்திலிருந்து 500 மீற்றருக்கும் கீழே, உலகத்திலேயே பெரிய நிலத்தடி உப்புச் சுரங்கம் ஓடுகிறது. வீதிக்குக் கொட்டுகிற கல்லுப்பைத் தோண்டும் இடம் அது. கல்லுப்பு மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. சினோ வரப்போகிறது என்று சொன்ன நாளில் ஹைவேயில் ஈரக் கோடுகள் நீளமாகப் போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஏறக்குறைய 23 வீதம் உப்புக் கரைத்த தண்ணி. மைனஸ் 21 பாகை வரை உறையாது. கல்லுப்பு தெறித்துக் கீழே விழும். இந்தத் தண்ணி துளியாகச் சிதறி, சில்லின் உள்வளையத்திலும் நட் குழிகளிலும் போய் உட்காரும். குளிர் மைனஸ் 10க்குக் கீழே போனால் சாதா உப்பு சினோவை உருக்குவதில் சோர்ந்துவிடும் என்பதால் கல்சியம், மக்னீசியம் குளோரைட்டுகளும் கலப்பார்கள். அவை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து வைத்திருப்பவை. வீதி காய்ந்தாலும் சில்லு காயாது.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு சங்கதி. நிலத்தடித் தரிப்பிடம் கதகதப்பாக இருக்கும், காருக்கு நல்லதுதானே என்று நினைப்போம். உண்மையில் வெளியே மைனஸ் 15இல் நிற்கும் காரில் இந்த அரிப்பு வேலை மெதுவாகத்தான் நடக்கும். உள்ளே கொண்டுவந்து விட்டதும் சில்லில் பிடித்த சினோ உருகி, உப்போடு சேர்ந்து, இரவு முழுக்க இளஞ்சூட்டில் ஊறும். உள்ளே விடவேண்டாம் என்று சொல்லவில்லை. முடிந்தால் கழுவிவிட்டு விடுங்கோ.

கழுவுவதற்கு நாள் பார்க்கவேண்டும். முகூர்த்தம் அல்ல, வெப்பநிலை. பூச்சியத்துக்கு மேலே ஏறுகிற நாள் ஜனவரியிலும் இடையிடையே வரும், அதை விடாதேங்கோ. காசு போட்டுத் தண்ணி அடிக்கிற இடம்தான் நல்லது. சில்லுகள் ஆறும்வரை கொஞ்சம் நில்லுங்கோ. பிறகு தண்ணிக் குழாயை ஆரங்களுக்கு இடையால் உள்ளே விட்டு முதலில் உள்வளையத்துக்கு அடியுங்கோ. முன்பக்கம் கடைசியாக இருக்கட்டும். பிறேக்குக்குப் பின்னால் மறைந்த பகுதிக்குத் தண்ணி போகாது. அதற்காகக் காரை அரைச் சுற்று முன்னே உருட்டி, திரும்பவும் அடிக்கவேண்டும். அரைச் சுற்று உருட்டுகிறவரை நான் இதுவரை காணவில்லை. அங்கே தொங்குகிற நுரைத் தூரிகையைத் தொடவே தொடாதேங்கோ. உங்களுக்கு முன் யாரோ சேற்றுப் பிக்கப்பைத் தேய்த்த மணல் அதற்குள்ளே இருக்கும். சில்லுக் கழுவவென்று விற்கிற அமிலத் திராவகங்களும் வேண்டாம். கார் ஷாம்பு போதும்.

நவம்பருக்கு முன் ஒருதரம் நாலு சில்லையும் கழற்றி, கழுவி, நன்றாக உலர்த்தி, இரண்டு பக்கமும் மெழுகு பூசுங்கோ. மெழுகுக்குப் பதில் பூசுகிற செயற்கை சீலன்ற் என்றால் கொஞ்சம் கூடநாள் நிற்கும். நட் உட்காரும் குழியிலும் போல்ட்டின் மரையிலும் மெழுகோ கிறீசோ படக்கூடாது. பூட்டும்போது இறுக்கத்தை அளந்து காட்டுகிற ரோர்க் றெஞ்ச் வைத்து இறுக்கி, 100 கிலோமீற்றர் ஓடியபின் திரும்பவும் பார்க்கவேண்டும். எங்கள் கடையிலும் இதைப் பில்லில் எழுதித்தான் கொடுக்கிறோம், யாரும் திரும்பி வருவதில்லை.

குரோம் பிரியர்கள் செய்கிற ஒரு வேலை எனக்குப் பிடிப்பதே இல்லை. காத்தடிக்கிற வால்வுக்கும் குரோம் தொப்பி வாங்கிப் போடுவார்கள். காத்து அளவைச் சொல்லும் சென்சர் உள்ள கார்களில் பலதுக்கு வால்வுத் தண்டு அலுமினியம். உப்பில் தொப்பியும் தண்டும் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துவிடும். குறட்டால் திருகினால் தண்டே முறிந்து வரும். பிறகு புதுச் சென்சர். கறுப்புப் பிளாஸ்ரிக் தொப்பி போடுங்கோ. அதுபோல, ரயர் மாற்றும்போது சில்லு ஆடாமல் சமநிலையில் சுற்றவென்று விளிம்பில் கொளுவுகிற ஈடுகல்லு வேண்டாம், உள்ளே ஒட்டுகிறதைப் போடச் சொல்லுங்கோ. விளிம்பில் கொளுவி கடித்த இடத்தில் பூச்சு கீறுப்படும், உப்பு அங்கேயிருந்துதான் நுழையும்.

டிசெம்பரில் காலையில் காத்துக் குறைவைக் காட்டும் விளக்கு எரிந்தால் உடனே பதறவும் வேண்டாம். வெப்பநிலை ஐந்தாறு பாகை இறங்கினால் காத்தழுத்தம் ஒரு பிஎஸ்ஐ அளவு குறையும், நாலு சில்லிலும் குறையும். ஒரே சில்லில் மட்டும் கிழமைக்குக் கிழமை இறங்கினால்தான் யோசிக்கவேண்டும். ரயர் உட்காரும் இடத்தில் குரோம் உரிந்து, அந்த இடுக்கால் காத்துப் போகும். நாங்கள் கம்பித் தூரிகையால் சுரண்டி, சீலர் பூசி அனுப்புவோம். உரிந்த குரோமின் விளிம்பு கையுறையையும் கிழித்து விரலை வெட்டும். சுரண்டினாலும் ஒன்றிரண்டு வின்ரர்தான் தாங்கும்.

அண்ணைக்கு வருவோம். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஒருநாள் யோசித்தார். ஒன்ராறியோவில் 2016இலிருந்து வின்ரர் ரயர் போட்டால் காப்புறுதிக் கட்டணத்தில் கழிவு தரவேண்டும் என்று சொன்னது ஏதோ வேலை செய்திருக்கவேண்டும். இரும்பு றிம் நாலும் ரயரும் ஓடர் பண்ணச் சொன்னார். பூட்டி இறக்கியதும் ஒரு சுற்று நடந்து பார்த்து, "தம்பி, இதுக்குக் குரோம் மாதிரி மூடி இருக்கோ?" என்றார். இருந்தது. வெள்ளி மினுக்கம் பூசிய பிளாஸ்ரிக். தையில் இரண்டு மூன்று கல்யாணப் படங்கள் காட்டினார், தூரத்தில் எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. கவனம் என்னவென்றால், அந்த மூடிகளை வெறுமனே அழுத்திவிட்டுப் போகாமல், ஒவ்வொன்றையும் பிளாஸ்ரிக் பட்டியால் றிம்மோடு சேர்த்துக் கட்டவேண்டும். மார்க்கம் ரோட்டுக் குழியில் விழுந்து எழும்பினால் கட்டாத மூடி கழன்று மற்றக் கரைக்குப் போய்விடும்.