பன்றிக்கறி தொடாத வீட்டில் நாடாப்புழு

தம்பிக்கு முதல் வலிப்பு வந்து ஏழு மாசம் கழிச்சுத்தான் காரணம் தெரிஞ்சது. பர்மாவுல பெகு பக்கத்துக் கிராமம் எங்களுது. முதல் மூணு மாசம் திருநீறு, வேப்பிலைன்னே போச்சு; நினைச்சா இன்னும் வயிறு எரியுது. ரங்கூன்ல சிடி ஸ்கேன் எடுத்த அன்னிக்கே சொல்லிட்டாங்க: மூளையில நாடாப்புழுக் கட்டி, அதாவது புழுவோட குஞ்சு உள்ளே இருக்கிற சின்னப் பை.

வீட்டுல எல்லாருக்கும் மலம் பார்க்கச் சொல்லி டாக்டர் சீட்டு கொடுத்தார். ரெண்டு மணி நேரம் பஸ்ல டப்பாக்களைத் தூக்கிட்டுப் போனேன். சீட்டு வாங்குற ஆள், "நீங்க பன்றி திங்காதவங்களாச்சே, இது எதுக்கு?"ன்னு திருப்பி அனுப்பிட்டார். நானும் அதை நம்பி வந்துட்டேன்.

அது தப்பு. சரியா வேகாத பன்றிக்கறியில இருக்கிற கட்டியைத் தின்னா குடல்ல புழு வளரும். மூளைக்கட்டி வேற வழியில வருது. புழு இருக்கிறவங்க மலத்துல முட்டை வெளிய வரும். அது கழுவாத கை வழியா, கீரை வழியா வாய்க்குள்ள போனாப் போதும், சைவக்காரங்களுக்கும் கட்டி வரும். அதனால 'வீட்டில் வலிப்பு நோயாளி இருக்கிறார்'னு சீட்டிலேயே எழுதி வாங்கிக்கோங்க. நான் அப்படிப் போனப்புறம்தான் டப்பாவை வாங்கினாங்க.

முதல் தடவை யாருக்கும் ஒண்ணும் இல்லைன்னு வந்தது. முட்டை தினமும் வராது, வேற வேற நாள்ல மூணு தடவை கொடுங்கன்னு நர்ஸ் அக்காதான் சொன்னாங்க. மூணாவதுல மாமாவுக்கு இருந்தது. அறுவடைக்குப் போற ஊர்ல கூட்டாளிங்களோட பன்றிக்கறி சாப்பிட்டிருக்கார். மொஹிங்கா நூடுல்ஸைத் தட்டையா நறுக்கின மாதிரி வெள்ளைத் துண்டு ஒரு வருஷமா விழுந்திருக்கு. "சொல்ல வெக்கமா இருந்துச்சு"ன்னு தலை குனிஞ்சு நின்னார். தம்பிக்குச் சோறு பிசைஞ்சு உருட்டிக் கொடுக்கிறது அவர் கைதான்.

மாமாவுக்குக் குடல் புழுவைக் கொல்லுற நிக்ளோசமைடு நாலு மாத்திரை, மென்னு முழுங்கினார், முடிஞ்சது.

தம்பிக்கு மூளைக்கட்டியைக் கொல்லுற அல்பெண்டசோல் மருந்து தொடங்கப் போனப்போ கண் பரிசோதனைச் சீட்டு இல்லைன்னு இன்னொரு நாள் வீண். கண்ணுக்குள்ள கட்டி இருந்தா அந்த மருந்தால பார்வையே போகலாமாம், முன்னாடியே பார்த்துடுங்க. கடையில நீங்களா வாங்கிக் கொடுக்கவே கொடுக்காதீங்க. கட்டி சாகும்போது மூளை வீங்கும், அதுக்கு ஸ்டீராய்டு கூடவே வேணும்.

பக்கத்து வீட்டுப் பன்றிங்க எங்க கொல்லையிலதான் மேயும். ஒண்ணோட நாக்கு அடியில அரிசி மாதிரி கட்டி தட்டுப்பட்டது. வெளிய கிடக்கிற மலத்துல இருக்கிற முட்டையைத் தின்னுதான் பன்றிக்கும் கட்டி வருது. அதனால மாமா தானே குழி வெட்டி மூடின கக்கூஸ் கட்டிட்டார். தம்பிக்கு அஞ்சு மாசமா வலிப்பு இல்லை. வலிப்பு மாத்திரையை இன்னும் நிறுத்தலை.