கழுத்துக்குக் கீழே ஒரு துண்டு

என் சலூனில் தலை ஸ்பா, அதாவது தலையை அலசி நெடுநேரம் பிடித்துவிடுவது, முடிந்து எழுந்த அம்மையார் முதலில் தொட்டது கூந்தலை அல்ல, கழுத்தை.

"சுகமாகத்தான் இருந்தது. கழுத்துதான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

அவர் போன பிறகு, தலை அலசும் அதே பேசினில் நானே தலை சாய்த்துப் படுத்தேன். பத்து நிமிடத்தில் விளிம்பு பிடரியில் அழுந்தத் தொடங்கியது. துண்டை நான்காக மடித்து வைத்தேன். நனைந்தது, சரிந்தது, மறுபடியும் அதே விளிம்பு. இத்தனை நாள் எத்தனை பேர் இதைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்திருப்பார்கள்!

தலை அலச ஐந்து நிமிடம் போதும். தலை ஸ்பாவுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்கு இந்தப் பேசின் ஆகாது.

சலூன் பேசினில் கழுத்தைப் பின்னுக்கு வளைத்த பிறகு பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்பு கண்ட ஐந்து பேரைப் பற்றி 1993இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் எழுதியது. மிக அரிதுதான். இருந்தாலும் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை.

தலை ஸ்பா கட்டில் விற்பவர்கள், தலைமேல் நீர் பொழியும் வளையத்தையும் வண்ண விளக்கையுமே காட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது வேறு. முழுதாகப் படுக்கும் கட்டில். உயரம் மாற்றக்கூடிய, மெத்தென்ற சிலிக்கோன் கழுத்துத் தாங்கி. திடீரென்று சுடாமல் 38 டிகிரியில் நிற்கும் நீர்.

வளையத்தில் சுழலும் நீரை ஒவ்வொருவருக்கும் பிறகு முழுவதும் வடித்து, தொட்டியின் மூலைவரை கைவிட்டுத் துடைக்க முடியுமா? இதைக் கேட்டால்தான் பலர் தயங்குகிறார்கள்.

நாளை மறுபடியும் பார்க்கப் போகிறேன். அரை மணி நேரமாவது படுத்துப் பார்க்காமல் எதையும் வாங்குவதாக இல்லை.